கான்ஸ்டன்ஷியா: க்ளூட்டி குடும்பத்தின் ஒயினும் லண்டன் போட்ட வரியும்

தென்னாப்பிரிக்காவின் கேப் காலனி அரசு 1885-இல் ஒரு திராட்சைத் தோட்டத்தை 5,275 பவுண்டு கொடுத்து வாங்கியது. கேப் டவுனுக்குத் தெற்கே, டேபிள் மலைக்குப் பின்புறச் சரிவில் இருக்கும் குரூட் கான்ஸ்டன்ஷியாதான் அது. செயின்ட் ஹெலினாத் தீவில் சிறைவைக்கப்பட்ட நெப்போலியனின் மேசைக்குப் போனது இங்கே விளைந்த ஒயின். ஐரோப்பிய அரண்மனைகள் போட்டி போட்டு வாங்கியதும் இதைத்தான். நூறு ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தைக் கையில் வைத்திருந்த க்ளூட்டி குடும்பம், கடைசியில் அரசாங்கத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது.

ஏன் விற்றார்கள் என்று கேட்டால், வேரைத் தின்னும் பைலாக்ஸெரா பூச்சி வந்து கொடிகளை அழித்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். தேதிகளை வைத்துப் பார்த்தால் இது ஒத்துவரவில்லை. கேப்பில் அந்தப் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டதே 1886-இல்தான், அதாவது தோட்டம் கைமாறிய அடுத்த ஆண்டு. அதற்கு முன்பே வியாபாரம் படுத்துவிட்டது. காரணத்தைத் தேட வேண்டிய இடம் சுங்க வரிப் பட்டியல். ஒயினுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை கான்ஸ்டன்ஷியாவின் குடும்பங்கள். விலையைத் தீர்மானித்ததோ முதலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பிறகு பிரிட்டிஷ் கவர்னர், கடைசியில் லண்டன் நாடாளுமன்றம். இந்தக் கணக்கில் எங்கேயும் கூலியே பெறாத இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களில் சிலர் நம் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள்.

டச்சுக் கம்பெனி 1652-இல் கேப்பில் இறங்கியது காலனி அமைப்பதற்காகக்கூட இல்லை. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் கப்பல்களுக்கு நடுவழியில் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் கொடுக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. முதல் தளபதி யான் வான் ரீபேக் திராட்சைக் கொடிகளை வரவழைத்து நட்டார். கேப் திராட்சையில் முதல் ஒயின் பிழிந்த செய்தியை 1659 பிப்ரவரி 2-ஆம் தேதி தன் நாட்குறிப்பில் கடவுளுக்கு நன்றி சொல்லி எழுதினார். பிழிந்தது பெருமைதான், ஆனால் ஆரம்ப காலக் கேப் ஒயினுக்கு நல்ல பெயர் கிடையாது. பழுக்காத பழத்தைப் பறிப்பது, அழுக்குப் பீப்பாய், அவசரம் என்று எல்லாக் குறைகளும் இருந்தன.

1679-இல் கேப்பின் தளபதியாக வந்த சைமன் வான் டெர் ஸ்டெல் இதைக் கவனித்தார். பழம் முழுதாகப் பழுத்த பிறகே பறிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார். தனக்கென்று ஒரு தோட்டம் கேட்டு, 1685-இல் 891 மார்கன் நிலம் பெற்றார். இன்றைய கணக்கில் சுமார் 760 ஹெக்டேர். கான்ஸ்டன்ஷியா என்று பெயர் வைத்தது அவர்தான். நிலத்தை வழங்கிய கம்பெனி ஆணையர் ஹென்ட்ரிக் வான் ரீட் நமக்குத் தெரிந்தவர். மலபாரில் டச்சுக் கவர்னராக இருந்து, கேரளத்து வைத்தியர்களின் துணையோடு ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்ற பெரும் தாவர நூலைத் தொகுப்பித்தவர் அவர். வான் டெர் ஸ்டெல்லின் தாய்வழிப் பாட்டி மோனிக்காவும் இந்தியாவிலிருந்து வந்த ஓர் அடிமைப் பெண் என்று குடும்ப வரலாறு சொல்கிறது. கான்ஸ்டன்ஷியாவின் கதையை ஐரோப்பியர்களின் கதையாக மட்டும் சொல்லும் புத்தகங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டி நினைவுக்கு வருகிறார்.

வான் டெர் ஸ்டெல் 1712-இல் இறந்தார். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. வீடு இருந்த பகுதியை வாங்கியவர் ஓலாஃப் பெர்க் என்ற சுவீடன் நாட்டுக் கேப்டன். அவர் 1724-இல் இறந்ததும் மனைவி அன்னா டி கோனிங் உரிமையாளர் ஆனார். அன்னாவின் தாய் அஞ்சலா, வங்கத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு வான் ரீபேக் வீட்டில் வேலை செய்து, 1666-இல் விடுதலை பெற்றவர். பக்கத்துத் துண்டை வைத்திருந்த யோஹானஸ் கோலைனின் தாய் மரியா எவர்ட்ஸ் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். இந்தக் கோலைன்தான் கான்ஸ்டன்ஷியா ஒயினை ஒழுங்காகக் கம்பெனிக்கு விற்று ஐரோப்பாவுக்கு அனுப்பிய முதல் ஆள். ஆக, உலகம் கொண்டாடிய கான்ஸ்டன்ஷியாவின் தொடக்க கால வியாபாரம், அடிமைகளின் வழிவந்தவர்கள் கையில் இருந்தது. இதைச் சொல்லி மனம் குளிர்ந்துவிட முடியாது. அன்னாவும் அடிமைகளை வைத்திருந்தார், மற்றவர்களும் வைத்திருந்தார்கள். அந்த ஊரில் விடுதலை பெற்று வசதியாக வாழ்வது என்றாலே இன்னொருவரை விலைக்கு வாங்கி வேலை வாங்குவது என்று ஆகியிருந்தது.

1778-இல் ஹென்ட்ரிக் க்ளூட்டி குரூட் கான்ஸ்டன்ஷியாவை வாங்கினார். ஸ்டெலன்போஷ் பக்கம் ஏற்கெனவே பண்ணை வைத்திருந்த பணக்காரர். வாங்கியபோது தோட்டம் பராமரிப்பில்லாமல் கிடந்தது. அவர் கொடிகளை மாற்றி நட்டார், வீட்டைப் புதுப்பித்தார், 1791-இல் புது ஒயின் கொட்டகை கட்டினார். அந்தக் கொட்டகை இன்றும் நிற்கிறது. முகப்பு முக்கோணத்தில் அன்டன் அன்ரைத் என்ற சிற்பி, கிரேக்கக் கடவுள்களுக்கு மது ஊற்றிக் கொடுத்த கானிமீடைச் செதுக்கியிருக்கிறார். உள்ளே பீப்பாய் அடுக்கும் ஒரு வேலைக்கொட்டகைக்கு இத்தனை அலங்காரம். வாங்க வருகிறவர் கண்ணில் முதலில் என்ன பட வேண்டும் என்று யோசித்துக் கட்டியவருக்கு வியாபாரம் தெரியும்.

ஒயின் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்றுமதி முழுக்க அதில்தான் நின்றது. முக்கியமான திராட்சை, சிறிய மணி மஸ்கட். நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை வாயில் போட்டதும் ஒரு ரோஜா வாசம் வருகிறதே, அது மஸ்கட் குடும்பத்து வாசம். பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை, கான்ஸ்டன்ஷியாவின் மஸ்கட்டுக்குப் பேத்தி முறை. கொடியில் பழம் பழுத்த பிறகும் க்ளூட்டி அதைப் பறிக்கவில்லை. கோடை முடியும்வரை கொடியிலேயே விட்டு, தோல் சுருங்கிப் பாதி உலர்ந்த பக்குவத்தில் பறித்தார். தண்ணீர் வற்றியதால் சர்க்கரையும் மணமும் திரண்டு நின்றன. நொதித்த பிறகும் பெரும் இனிப்பு மிஞ்சியது. இப்படிச் செய்தால் ஒரு கொடியிலிருந்து கிடைக்கும் சாறு மிகவும் குறைந்துவிடும். பறவை, எறும்பு, குளவி எல்லாம் இனிப்புக்கு மொய்க்கும். ஒரு பூச்சிகூடப் பழத்தில் உட்காரக் கூடாது என்று நூறு அடிமைகளைக் கொடிகளுக்கு நடுவே நிறுத்திவைத்திருந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். எண்ணிக்கை கூடக் குறைய இருக்கலாம். ஆனால் வேலையின் தன்மை அதுதான்: குலை குலையாகப் பார்த்து, கெட்ட மணியைக் கிள்ளி எறிந்து, வாரக்கணக்கில் வெயிலில் நிற்க ஆள் வேண்டும்.

அந்த இனிப்புதான் ஒயினைக் காப்பாற்றியதும். கேப்பிலிருந்து ஆம்ஸ்டர்டாமோ லண்டனோ போக மாதக் கணக்கு ஆகும். நடுவில் பூமத்திய ரேகையைக் கடக்க வேண்டும். கப்பல் அடித்தட்டின் வெக்கையில் சாதாரண ஒயின் புளித்துக் காடியாகிவிடும். கான்ஸ்டன்ஷியாவின் சர்க்கரையும் சாராயமும் அந்தப் பயணத்தைத் தாங்கின. பிந்தைய காலத்தில் இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று பிராந்தியும் சேர்த்து அனுப்பினார்கள். இந்தப் பிராந்தி பின்னாளில் எப்படி வினையாக வந்தது என்பதை வரி பற்றிச் சொல்லும்போது பார்க்கலாம்.

சரி, இவ்வளவு பெயர் வாங்கிய ஒயினுக்குக் க்ளூட்டி கேட்ட விலை கிடைத்ததா? இல்லை. கேப்பிலிருந்து ஒரு பீப்பாய் வெளியே போவதென்றாலும் கம்பெனியின் அனுமதி வேண்டும், பெரும்பாலும் கம்பெனியின் கப்பலும் வேண்டும். கான்ஸ்டன்ஷியாத் தோட்டங்கள் ஒவ்வொரு ஆண்டும் குறிப்பிட்ட அளவு ஒயினைக் கம்பெனி நிர்ணயித்த விலைக்குக் கொடுத்தாக வேண்டும். அதே ஒயின் ஐரோப்பாவில் பல மடங்கு விலைக்குப் போகிறது என்பது க்ளூட்டிக்கு நன்றாகவே தெரியும். ஹாலந்தில் இருந்த நண்பர் ஸ்வெலன்கிரெபலுக்கு அவர் எழுதிய கடிதங்களில் இந்த மனக்குறை பேசப்படுகிறது. தன் பெயரில் விற்கும் பொருளுக்குத் தான் விலை சொல்ல முடியாத எரிச்சல் அது. அதற்குமேல் அனுதாபப்படவும் எனக்குத் தயக்கம்தான். அவர் கம்பெனியிடம் நியாய விலை கேட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், கொடிக்கு நடுவே நின்றவர்களுக்கு விலை என்ற ஒன்று இருந்தது, அவர்களை விற்கும்போது.

கேப்புக்கு 1652 முதல் 1808 வரை சுமார் 63,000 அடிமைகள் கொண்டுவரப்பட்டதாக வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய கால்பங்கு இந்தியத் துணைக்கண்டத்தவர்கள், இலங்கையரும் சேர்த்து. மற்றவர்கள் மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலும், 1658-க்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும் வந்து, சோற்றுக்கில்லாமல் ஜனங்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்றபோது வாங்கிக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கும் இன்றைய ஜகார்த்தாவான படேவியாவுக்கும் போனார்கள், ஒரு பகுதியினர் கேப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கேப் ஆவணங்களில் இவர்களின் சொந்தப் பெயர் இராது. செப்டம்பர், பிப்ரவரி என்று மாதப் பெயரையோ, டைட்டஸ், க்யூப்பிடோ என்று ரோமாபுரிப் பெயரையோ வைத்து, பின்னால் ‘மலபாரைச் சேர்ந்த’, ‘சோழமண்டலத்தைச் சேர்ந்த’, ‘வங்கத்தைச் சேர்ந்த’ என்று எழுதியிருப்பார்கள். தமிழ் பேசிய ஒருவர் அங்கே என்ன பெயரில் புதைக்கப்பட்டார் என்று தேட இந்த ஒட்டுப்பெயர் ஒன்றுதான் பிடி.

1795-இல் பிரிட்டிஷார் கேப்பைப் பிடித்தார்கள். நடுவில் சில ஆண்டு பட்டேவியக் குடியரசு என்று பெயர் கொண்டிருந்த நெதர்லாந்திடம் விட்டு, 1806-இல் மறுபடி பிடித்து அப்படியே வைத்துக்கொண்டார்கள். கம்பெனி ஒழிந்தது என்று க்ளூட்டி குடும்பம் நிம்மதி அடைந்திருந்தால் அது அதிக நாள் நீடித்திருக்காது. கம்பெனிக்கு இருந்த அந்தக் கட்டாயக் கொள்முதல் உரிமை தங்களுக்கும் உண்டு என்று பிரிட்டிஷ் கவர்னர்கள் எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் காரியம் ஆக வேண்டிய பெரிய மனிதர்களுக்குக் கான்ஸ்டன்ஷியா பீப்பாய் நல்ல பரிசாக இருந்தது. மூத்த ஹென்ட்ரிக் 1799-இல் இறக்க, அதே பெயருள்ள மகனும் இந்தச் சண்டையைத் தொடர வேண்டியிருந்தது.

அப்புறம் 1813 வந்தது. நெப்போலியன் போர்க் காலம் அது. பிரெஞ்சு ஒயின் கிடைப்பது கஷ்டம், போர்ச்சுகல் ஒயினுக்கு வரி அதிகம். தன் காலனி ஒயினைத் தானே வாங்கலாம் என்று பிரிட்டன் முடிவு செய்து, கேப் ஒயினுக்கான இறக்குமதி வரியைப் போர்ச்சுகல் ஒயினுக்குப் போடும் வரியில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. கேப் முழுக்கக் கொடி நடும் வெறி பிடித்தது. சுமார் பத்தே ஆண்டில் கொடிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டித்தது. 1820-களின் தொடக்கத்தில் காலனியின் ஏற்றுமதியில் மிகப் பெரிய பொருள் ஒயின்தான்.

இந்தப் பெருக்கம் இரண்டு கேடுகளைக் கொண்டுவந்தது. 1807-இல் பிரிட்டன் அடிமை வாணிபத்தைத் தடை செய்திருந்தது. அடிமைமுறை நீடித்தது, புதிதாக ஆள் இறக்குவதுதான் நின்றது. ஆக, இரட்டிப்பான கொடிகளை அதே கைகள்தான் பார்க்க வேண்டும் என்று ஆனது. வேலை நேரம் நீண்டது, சவுக்கும் ஓயவில்லை. வரிச் சலுகையைப் பற்றிப் பேசும் பொருளாதார நூல்கள் இந்த இடத்தில் வேகமாகக் கடந்து போய்விடுகின்றன. லண்டனில் ஒரு பாட்டில் மலிவானதன் விலையில் ஒரு பகுதி, கேப்பில் ஒருவர் முதுகில் இறங்கியது.

இரண்டாவது, தரம். விற்றால் போதும் என்று அவசரமாகச் செய்த மட்டமான ஒயின் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. அங்கே வியாபாரிகள் அதை ஷெரியிலும் மதீராவிலும் கலந்து விற்றார்கள். கேப் ஒயின் என்றாலே கலப்படச் சரக்கு என்று பேச்சு ஆகிவிட்டது. கான்ஸ்டன்ஷியா தனியாக, உயர்ந்த விலையில்தான் விற்றது. இருந்தும் ஊரின் பெயர் கெட்டால் ஊரில் நல்லவன் பெயரும் கொஞ்சம் கெடும். போதாக்குறைக்குக் கான்ஸ்டன்ஷியாவில் விளையாததையும் கான்ஸ்டன்ஷியா என்று ஒட்டி விற்றார்கள். அன்று அதைத் தடுக்கப் புவிசார் குறியீடு போல எதுவும் கிடையாது.

போர் முடிந்து பத்தாண்டு ஆனதும் பிரிட்டனுக்குக் கேப்பின் தேவை குறைந்தது. 1825-இல் மற்ற நாட்டு ஒயின்களின் வரி குறைக்கப்பட்டது, கேப்பின் சலுகை சுருங்கியது. 1831-இல் இன்னும் சுருங்கியது. அடிமைகளுக்கு 1834 டிசம்பர் 1-இல் சட்டப்படி விடுதலை. நான்கு ஆண்டுக் கட்டாய ‘பயிற்சிக் காலம்’ முடிந்து 1838-இல்தான் உண்மையில் அவர்கள் தோட்டத்தை விட்டு நடக்க முடிந்தது. பிரிட்டன் முழுச் சாம்ராஜ்யத்துக்கும் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது, உரிமையாளர்களுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அந்த நஷ்டஈட்டையும் லண்டனில்தான் வாங்க முடியும் என்று வைத்ததால், கேப் பண்ணைக்காரர்கள் தரகர்களிடம் தள்ளுபடி விலைக்கு உரிமையை விற்றுக் காசாக்கினார்கள்.

க்ளூட்டி குடும்பத்தில் அப்போது தோட்டத்தை நடத்தியவர் யாகோப் பீட்டர் க்ளூட்டி. நிலத்தில் ஒரு பகுதி 1820-களிலேயே பிரிந்து இன்றைய கிளைன் கான்ஸ்டன்ஷியா ஆகியிருந்தது. 1859-இல் ஒய்டியம் வந்தது. கம்பம் விவசாயிகளுக்குச் சாம்பல் நோய் என்று சொன்னால் போதும், இலையும் காயும் வெள்ளைப் பொடி பூத்துப் போகும் அதே நோய். கந்தகம் தூவி அதைச் சமாளிக்கலாம், செலவாகும். செலவு செய்ய வரும்படி வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் லண்டன் கடைசி அடியை அடித்தது.

1860-இல் பிரிட்டனும் பிரான்சும் வணிக ஒப்பந்தம் போட்டன. பிரெஞ்சு ஒயினின் வரி சரிந்தது. நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் அடுத்த இரண்டு ஆண்டுக்குள் வரியை நாட்டை வைத்துப் போடாமல் ஒயினிலுள்ள சாராய அளவை வைத்துப் போடும் முறைக்கு மாற்றினார். லேசான ஒயினுக்கு ஒரு கேலனுக்கு 1 ஷில்லிங், வீரியம் கூடியதற்கு 2½ ஷில்லிங். போர்டோவிலிருந்து சில நாளில் லண்டன் வந்துவிடும் பிரெஞ்சு ஒயினுக்குப் பிராந்தி சேர்க்கத் தேவையில்லை, அது 1 ஷில்லிங்கில் நுழைந்தது. பூமத்திய ரேகையைத் தாண்டி வருவதற்காகவே பிராந்தி சேர்த்த கேப் ஒயின் மேல்வரியில் மாட்டியது. தூரத்துக்கே அபராதம் போட்டதைப் போன்ற ஏற்பாடு இது. திட்டமிட்டுக் கேப்பைக் கெடுத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்கள் கணக்கில் கேப் ஒரு பொருட்டாகவே இல்லை. 1869-இல் சூயஸ் கால்வாயும் திறந்ததும், இந்தியாவுக்குப் போகும் வழியில் கேப்பில் இறங்கித் தோட்டம் பார்த்து நாலு பாட்டில் வாங்கிப்போகும் பயணிகளும் குறைந்தார்கள்.

யாகோப் பீட்டர் 1875-இல் இறந்தார். பத்தாண்டு கழித்துத் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது. அரசு அதைச் சோதனைப் பண்ணையாக நடத்தியது. மறு ஆண்டே பைலாக்ஸெரா வந்தபோது, பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடிகளை வளர்த்து மற்ற விவசாயிகளுக்குக் கொடுக்கும் நாற்றங்காலாக அந்த நிலம் பயன்பட்டது. அரண்மனைகளுக்குப் போன இனிப்பு ஒயின் மட்டும் நின்றுபோனது.

ஏறக்குறைய நூறு ஆண்டு அப்படியே கிடந்தது. 1980-இல் டக்கி யூஸ்டே கிளைன் கான்ஸ்டன்ஷியாவை வாங்கினார். ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ் ஓர்ஃபரின் யோசனைப்படி, பழைய வகையைச் சேர்ந்த சிறிய மணி மஸ்கட்டைத் தேடி நட்டார்கள். ராஸ் கோவர் ஒயின் செய்தார். ‘வான் டே கான்ஸ்டன்ஸ்’ என்ற பெயரில் முதல் ஒயின் 1986 அறுவடையில் செய்யப்பட்டு 1990-இல் விற்பனைக்கு வந்தது. பழைய பாட்டிலின் வடிவத்தையே எடுத்து அரை லிட்டர் பாட்டில் செய்தார்கள்.

அந்த 1986-ஐயும் கவனிக்க வேண்டும். அமெரிக்கா நிறவெறி எதிர்ப்புச் சட்டம் போட்டுத் தென்னாப்பிரிக்க விளைபொருளுக்குக் கதவடைத்தது அதே ஆண்டுதான். இந்த முறை வெளியில் விதித்த தடைக்கு நியாயம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மண்டேலா விடுதலையான 1990-இல் பாட்டில்கள் வெளியே வந்ததும், தடைகள் தளர்ந்ததும், சந்தை திறந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. 2011-இல் யூஸ்டே குடும்பம் விற்க, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். குரூட் கான்ஸ்டன்ஷியா 1993 முதல் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. இரண்டு தோட்டங்களும் இன்று மறுபடி ஏற்றுமதி செய்கின்றன.

ஏற்றுமதியாகாமல் உள்ளூரிலேயே தங்கிப்போன ஒயினும் உண்டு. கேப் பண்ணைகளில் வேலையாட்களுக்குக் கூலியில் ஒரு பகுதியை மட்ட ஒயினாக, நாளுக்குப் பல தடவை கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் அடிமைக் காலத்திலிருந்தே இருந்தது. ‘டாப்’ முறை என்பார்கள். 1960-களில் சட்டம் தடை செய்த பிறகும் பல பண்ணைகளில் பல ஆண்டுகள் நடந்தது. கருவிலேயே சாராயத்தால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் மேற்குக் கேப்பின் திராட்சைப் பகுதிகளும் இருக்கின்றன. அடிமைகளின் வழிவந்தவர்கள் பலர் இன்றும் அந்தப் பண்ணைகளில்தான் கொடி கவாத்து செய்கிறார்கள், குலை பறிக்கிறார்கள். 2012 நவம்பரில் அந்த மாகாணத்துப் பண்ணைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச நாள்கூலி 69 ராண்ட். 150 ராண்ட் கேட்டுப் போராடினார்கள். அடுத்த மார்ச்சில் அரசு 105 ராண்டாக உயர்த்தியது.